வேலப்பன் அத்தானின் மூக்கு

பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வீட்டில் வேலப்பன் அத்தானின் மூக்கைப் பற்றித்தான் பேச்சு. ஆள் நல்ல உயரம், வேலை நிரந்தரம், பூதப்பாண்டிப் பக்கம் அறிந்த குடும்பம், எல்லாம் சரி, மூக்கு மட்டும் ஆளுக்கு முன்னால் படியேறி வருகிறதே என்று என் சித்தி சொன்னாள். அடுக்களையில் நின்ற என் அக்கா பகவதி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்தவளையே கட்டி வைத்தார்கள். அக்காள் புருஷனைக் கேலி செய்வது மச்சினனின் பிறப்புரிமை. பள்ளிக்கூடத்துப் பையனாக அன்று எடுத்துக்கொண்ட அந்த உரிமையை, பழவங்காடியில் பாத்திரக்கடைக் கணக்கு எழுதித் தலை நரைத்த பிறகும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கேலிக்கு அவரும் குறை வைக்கவில்லை. கல்யாணம் கழிந்த வாரம், மஞ்சள் தடவிய புது வேட்டியைத் தானே சோப்புப் போட்டு நனைத்தார். வேட்டி சிவந்துவிட்டது. என்னவோ அபசகுனம் என்று பயந்து வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க அலைந்தார். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு கலக்குவது எதற்கென்று நினைத்தீர்கள் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கதையை எங்கள் வீட்டில் பல வருஷம் வைத்து ஓட்டினோம்.

இத்தனை கேலி பேசினாலும் அந்த மூக்குதான் அவர்கள் வீட்டில் சோறு போட்டது. அத்தான் ஐஸ் பிளாண்ட் ஆபரேட்டர். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு இறங்குகிற வழியில், கடலைப் பார்த்தபடி அந்தப் பிளாண்ட் இருந்தது. வள்ளக்காரர்களுக்கும் மீன் லாரிக்காரர்களுக்கும் அங்கிருந்துதான் ஐஸ் போகும். ஒரு காலத்தில் சாலைக் கடைவீதியின் சர்பத் கடைகளுக்கும் சாவு வீடுகளுக்கும்கூட மரப்பொடி மூடிய கட்டிகள் அங்கிருந்துதான் வந்தன. சர்பத்தில் மிதக்கிற துண்டைப் பார்த்து, இது எங்க அத்தான் உறையவைத்தது என்று கூட்டாளிகளிடம் நான் பெருமையடித்திருக்கிறேன். சாவு வீடுகளில் அந்தப் பெருமையைப் பேச முடியவில்லை.

தண்ணீரைக் கட்டியாக்குவது அமோனியா. குழாய்க்குள் அடங்கி ஓடும்வரை அதைப்போல உழைப்பாளி கிடையாது. வெளியே வந்துவிட்டால் கண்ணையும் தொண்டையையும் பிடிக்கும், கூடிப்போனால் ஆளையே கொண்டுபோய்விடும். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு, அது தண்ணீர். கல்யாணம் ஆன புதிதில் பலகாரத் தூக்கோடு என்னை பிளாண்டுக்கு அனுப்பினார்கள். அத்தான் ஒரு ரப்பர் குழாயின் நுனியை வாளித் தண்ணீருக்குள் முக்கி வைத்து, வால்வை மெல்லத் திருகிக்கொண்டிருந்தார். குழாய்களுக்குள் வெறுங்காற்று புகுந்தால் அதை இப்படித்தான் வெளியேற்ற வேண்டுமாம். முதலில் தண்ணீரில் குமிழிகள் கொப்பளித்தன. பிறகு குமிழிகள் நின்று, கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம் மட்டும் கேட்டது. காற்று தீர்ந்து அமோனியா வரத் தொடங்கிவிட்டது என்று வால்வை மூடினார். மேலே வருவதற்குள் தண்ணீர் அதைக் குடித்துவிடுகிறது, அதனால்தான் குமிழி இல்லை என்றார்.

"அமோனியாவும் உங்க பெரிய மாமாவும் ஒண்ணு மாப்ள. தண்ணியக் கண்டா ரெண்டும் நிக்காது" என்று அவர் சொன்னதை இன்றுவரை பெரிய மாமாவிடம் யாரும் சொல்லவில்லை.

அந்தப் பலவீனத்தை நம்பித்தான் பிளாண்டும் கட்டப்பட்டிருந்தது. இயந்திர அறையில் பெரிய உருளைக்கு மேலே சிறுசிறு துளை போட்ட குழாய்கள் வளைந்து ஓடின. வாசலுக்கு வெளியே ஒரு சிவப்புச் சக்கரம். அதைத் திருகினால் அறைக்குள் தூறலாகத் தண்ணீர் இறங்கும், காற்றில் கலந்த வாயுவைப் பிடித்துக்கொண்டு தரையில் ஓடி, பின்னால் ஒரு தொட்டியில் போய்ச் சேரும். அந்தத் தண்ணீர் சாக்கடை வழியாகக் கடலுக்குப் போனால் மீன் செத்து மிதக்கும் என்பதால் தொட்டியை எப்போதும் காலியாக வைத்திருப்பார். அமோனியா திரவமாகத் தரையில் கிடந்தால் மட்டும் அதன்மேல் தண்ணீர் விடக் கூடாது, கொதித்து எழும்பி இருப்பதையும் கெடுக்கும். வாரத்துக்கு ஒருமுறை சக்கரத்தைத் திருகிப் பார்ப்பார். அங்கே வேலை செய்கிறவர்கள் அதற்கு 'வேலப்பண்ணன்றெ மழ' என்று பேர் வைத்திருந்தார்கள். வேனில் காலத்தில் அந்த மழைக்காகவே காத்திருப்பார்கள்.

ஆனால் மழை பெய்விக்க ஒருநாளும் தேவை வரவில்லை. அதற்கு முன்பே அத்தானின் மூக்கு கண்டுபிடித்துவிடும். காலையில் கேட்டுக்குள் நுழையும்போதே ஸ்கூட்டரை நிறுத்தி முகத்தைத் தூக்குவார். இரண்டாவது கம்ப்ரஸரில் கசிகிறது என்பார், போய்ப் பார்த்தால் கசியும். அந்த மூக்கு வீட்டிலும் சும்மா இருந்ததில்லை. வலியசாலைத் தெரு முனையிலேயே இன்று தீயலா புளிக்கறியா என்று சொல்லிவிடுவார். நான் திருட்டு பீடி குடித்ததை என் அப்பாவுக்கு முன்னால் கண்டுபிடித்ததும் அந்த மூக்குதான். காட்டிக்கொடுக்கவில்லை, அது வேறு விஷயம். அவர்கள் மகள் ஆர்யா பிறந்தபோது குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்கு மூச்சு முட்டப்போகிறது என்று அக்காதான் பிடுங்க வேண்டியிருந்தது.

கொரோனாவின் இரண்டாம் அலையில் அந்த மூக்கு போயிற்று.

காய்ச்சல் பெரிதாக இல்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. இரண்டு வாரத்தில் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். மணம் தெரியவில்லை என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்கா கண்டுபிடித்தது ஒரு பலாப்பழத்தால். வித்துராவிலிருந்து யாரோ கொடுத்துவிட்ட பெரிய வருக்கைச் சக்கை கட்டிலுக்கு அடியில் பழுத்துக் கிடந்தது. தெருவில் போகிறவன் நின்று பார்த்துவிட்டுப் போகிற அளவுக்கு மணம். அத்தான் வந்தார், அதே கட்டிலில் உட்கார்ந்தார், சாயா குடித்தார், தின்பதற்கு வீட்டில் ஒன்றும் இல்லையா என்று கேட்டார். அக்கா குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், சக்கை அங்கேயேதான் கிடந்தது.

டாக்டர் சொன்னபடி கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் எண்ணெய் என்று நாலு டப்பா வைத்து அக்கா காலையும் மாலையும் அவரை முகரவைத்தாள். அவரும் முகர்ந்து முகர்ந்து பேர் சொன்னார். முன்னேற்றம் இருக்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். சந்தேகப்பட்டு அக்கா ஒருநாள் காலி டப்பாவை நீட்டினாள். அத்தான் கண்ணை மூடி ஆழமாக இழுத்து, கிராம்பு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

முதலாளியிடம் சொல்லிவிடுங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கசிந்தால் முதலில் போவது அத்தான், பிறகு கட்டி ஏற்றுகிறவர்கள், பிறகு சுற்றியுள்ள வீடுகள். இது அவருக்கும் தெரியாததல்ல. ஆனால் மூக்குப் போன ஆபரேட்டரை எவன் வைத்துக்கொள்வான் என்பது அவர் பயம். சம்பளத்தைவிட, அந்த அறையை விட்டால் தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. கூட வேலை செய்யும் வினீத்திடம் தினமும் காலையில், வாடை ஏதும் வருகிறதா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்வார். இரவல் மூக்கை வைத்துக் காலம் ஓட்டுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. சொன்னால், நீ கணக்கைப் பாரு மாப்ள என்பார்.

கேட்டு அலுத்து அக்கா வாயை மூடிக்கொண்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை குளித்து, வெள்ளைத் துணியை மஞ்சளில் முக்கி, ஒரு ரூபாய்க் காசை அதில் வைத்து மண்டைக்காட்டு அம்மனை நினைத்து முடிந்தாள். நேர்ச்சைத் துணியைப் பூஜை அறையில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். இவள் அதை அத்தானிடம் கொடுத்து, இயந்திர அறையில் இருக்கிற கணபதி படத்தில் கட்டச் சொன்னாள். மூக்கு வீட்டில்தானே இருக்கிறது, நேர்ச்சைக்கு எதற்கு பஸ் டிக்கெட் என்று நான் கேட்டேன். அது அங்கேதான் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அத்தான் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய்க் கட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் அதில் மஞ்சள் நீர் தெளித்து, பூ வைத்துக் கும்பிட்டார். அவருக்கும் ஆசை இருக்காதா?

மறுவருஷம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை. கடைக்குப் போகும் வழியில் தோசைக்காக நான் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் போன் அடித்தது. கையில் மாவு, அதனால் நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அத்தானின் குரல் உடைந்திருந்தது.

"பகவதி, நம்ம துணி செவந்துட்டு. குங்குமம் கணக்கா செவந்துட்டு. அம்ம எறங்கிட்டா. எனக்கு கண்ணீரு நிக்கவே மாட்டங்கு."

நான் தோசைக் கையோடு கும்பிட்டேன். அக்காவும் கண்ணை மூடித் தாலியைத் தொட்டுக்கொண்டாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு கண்ணைத் திறந்து கல்லைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள்.

"சோப்பு ஏதும் பட்டுதா அதுல?"

"இங்க ஏது சோப்பு?"

"வினீத்து எங்க?"

வினீத் அரசாங்க வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதப் போயிருந்தான். அத்தான் அதைச் சொல்லும்போதே இருமினார். அக்கா போனை என் கையிலிருந்து பிடுங்கினாள், போன் முழுக்க மாவு.

"அம்ம இல்ல அது. காரம். வெளிய போங்க, இப்பம் போங்க."

போன் நின்றுவிட்டது. மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

நாங்கள் ஆட்டோ பிடித்து விழிஞ்ஞம் போய்ச் சேரும்வரை அக்கா அம்மனைக்கூடக் கூப்பிடவில்லை. மழையில் வண்டி ஊர்ந்தது. அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. முப்பது வருஷமாக நான் கேலி செய்த ஆள் இனி இல்லையென்றால் என்ன செய்வேன் என்று அப்போதுதான் யோசித்தேன். யோசிக்கவே முடியவில்லை.

நடந்தது இது. கம்ப்ரஸரின் தண்டு வெளியே வருகிற இடத்தில் அடைப்பு தேய்ந்து, அமோனியா அன்று காலை முதல் கசிந்துகொண்டிருந்தது. வெளியே போனதையெல்லாம் இடவப்பாதி மழை தின்றுவிட்டது. அதனால்தான் முற்றத்தில் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு வாடை தெரியவில்லை. அமோனியாவும் சோப்பைப்போல ஒரு காரம்தான். உள்ளே தங்கியதை ஈரத் துணி வாங்கிக்கொண்டு, சோப்புப் பட்ட கல்யாண வேட்டியைப்போலச் சிவந்தது. மூக்குக்கு மணம் தெரியாவிட்டாலும் கண்ணுக்கு எரிச்சல் தெரியும். அந்த எரிச்சலைத்தான் இவர் பக்திக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார். எங்கே பூவின் மணம் தெரிகிறதா என்று கண்ணை மூடி, மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாராம், அதுவும் அந்த அறைக்குள்ளேயே நின்றுகொண்டு! அமோனியாவோடு அத்தனை காலம் குடித்தனம் நடத்திய மனுஷன். ஆசை உள்ளே வந்தால் அறிவு எழுந்து இடம் கொடுத்துவிடும்போல.

அக்காவின் குரல் கேட்டதும் வேட்டியும் வாளியும் ஞாபகம் வந்ததாம். கையிலிருந்து போன் விழுந்தது தெரியாமல் வெளியே ஓடினார். கட்டி ஏற்றுகிறவர்களைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் விரட்டினார். சிவப்புச் சக்கரத்தைத் திருகினார். வாரந்தோறும் சும்மா பெய்த மழை அன்று காரியமாகப் பெய்தது. தண்ணீர் அறைக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிய வைத்த பிறகு, முகமூடி மாட்டி உள்ளே போய் இயந்திரத்தை நிறுத்தி, இரண்டு பக்க வால்வையும் மூடினார். கெட்ட தண்ணீர் முழுவதும் தொட்டியில் தங்கியது, ஒரு சொட்டு கடலுக்குப் போகவில்லை.

நாங்கள் போனபோது மதில் சுவரில் சொட்டச் சொட்ட நனைந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். கையில் அந்தத் துணி. அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கியவள் நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அவர் முகத்தை முந்தானையால் துடைத்தாள். மூக்கைக் கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள்.

முதலாளி ஸ்ரீகுமார் காரில் வந்து இறங்கினார். வேலப்பண்ணன் இல்லாவிட்டால் இன்று என்ன ஆகியிருக்கும் என்று ஆளாளுக்குப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். பேசாமல் இருந்திருந்தால் அத்தான் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்திருக்கலாம். எழுந்து நின்று, தனக்கு ஒரு வருஷமாக மணம் தெரியாது என்று எல்லாரும் கேட்கச் சொன்னார்.

"அண்ணா, இது நேரத்தே பறயாமாயிருந்நல்லோ" என்றார் ஸ்ரீகுமார்.

முன்பே சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டதற்கு அத்தான் ஆமாம் என்று தலையாட்டினார். அந்த மாதத்தோடு வேலையை விட்டார். மரியாதையாகத்தான் அனுப்பினார்கள், பொன்னாடையெல்லாம் போர்த்தினார்கள். அறையில் இப்போது வாயுவைக் கண்டால் அலறும் கருவி மாட்டியிருக்கிறார்கள். கருவிக்குத் தடுமன் பிடிக்காது என்று அத்தானே சொல்லிச் சிரிப்பார்.

மூக்கு திரும்பவில்லை. இனி வராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சாயங்காலம் நான் போனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இப்போது என்ன மணம் வருகிறது மாப்ள என்று கேட்பார். பக்கத்து வீட்டில் மத்தி பொரிக்கிறார்கள் என்பேன். உடனே அவர் தொடங்கிவிடுவார். பழைய பிளாண்டில் நனைந்த மரப்பொடியின் மணம். வள்ளத்து டீசலும் அயிலை மீனும் கலந்து விடிகாலையில் ஏறி வருகிற மணம். சாலைக் கடைவீதியில் மல்லியும் காயமும் புகையிலையும் ஒன்றாக நிற்கிற தெருமுக்கு. கல்யாணப் பந்தலில் அக்காவின் தலையில் வாடத் தொடங்கிய பிச்சிப்பூ. ஆர்யாவின் உச்சந்தலை. பெங்களூரில் வேலை பார்க்கிற ஆர்யாவிடம் போனில் இதைச் சொன்னால், அச்சா மதி, அதாவது போதும் அப்பா, என்று மலையாளத்தில் வெட்கப்படுவாள். அவருக்குப் புது மணம் ஒன்றும் வருவதில்லை, அதனால் பழையது ஒன்றும் போவதுமில்லை. எனக்கோ இருக்கிற மூக்கில் பாதி மணம் ஞாபகமில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் அந்தச் சர்பத் கடையும் அந்த ஐஸ் துண்டும் எனக்குத் திரும்பி வருகின்றன. அந்த நாட்கள் போய்விட்டனவே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனாலும் மறுநாளும் போய் உட்காருவேன்.

அந்தத் துணியின் கதை பாக்கி இருக்கிறது. வேலையை விட்டுவந்த அன்று அதைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். கசிவு நடந்த நாளிலிருந்து அறை மேஜையில் ஒரு மூடிய டப்பாவுக்குள் ஈரத்தோடு கிடந்ததால் அதில் இன்னும் சிவப்பு இருந்தது. அக்கா அதைக் கொடியில் போட்டாள். மழை விட்டு வெயில் அடித்த நாள். மத்தியானத்துக்குள் அமோனியா பறந்துபோய், துணி பழையபடி மஞ்சளாகிவிட்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மண்டைக்காட்டுக்குப் போய் நேர்ச்சையைச் செலுத்திவிட்டு வரலாம் என்றாள்.

அத்தானுக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. வேலை போன துக்கமும் சேர்ந்திருக்கும்.

"என்னத்துக்கு? எனக்கு மூக்கு வந்துட்டா? கிடைக்காததுக்கு என்ன நேர்ச்ச?"

அக்கா கொடியிலிருந்த மற்றத் துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"மூக்கு வரணும்னு யாரு நேந்தா? அந்த ரூம்புலேந்து நீங்க வீட்டுக்கு வரணும்னுல்லா முடிஞ்சேன்."

அத்தான் கொடிக்குப் போய்த் துணியை எடுத்தார். முடிச்சு அவிழாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.